கையில் தொழில் இருக்கிறது, சான்றிதழ் இல்லை

கல்முனைக் கரையோர வெல்டிங் கடைகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இன்னும் கைகோக்கவில்லை

அஸர் தொழுகை முடிந்த கையோடு மருதமுனையிலிருந்து ஏ4 வீதியில் தெற்கே புறப்பட்டால் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வரும். எந்த ஊரிலும் வீதியோரம் தகரக் கூரை போட்ட வெல்டிங் கடை ஒன்றாவது கண்ணில் படும். முன்னால் பாதி முடிந்த கேட் ஒன்று நிற்கும், சுவரில் பொக்ஸ் பார்களும் ஜி.ஐ. பைப்புகளும் சாய்ந்திருக்கும், உள்ளே கண்ணைக் கூசவைக்கும் நீல வெளிச்சம்.

ஒரு தலைமுறைக்கு முன் இந்தக் கரையில் வீடு கட்டுகிறவர் முதலில் தேடிப் போனது மேசனையும் ஓடாவியையும்தான். இன்று மரத்தின் விலையும் கறையானும் சேர்ந்து கதவு, ஜன்னல், கூரைச் சட்டம் எல்லாவற்றையும் இரும்பின் பக்கம் தள்ளிவிட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அதற்குப் பின் நடந்த மீள்கட்டுமானம் இரும்பு வேலைக்குப் பெரிய தேவையை உண்டாக்கியது. கேட், கிரில் மட்டுமா? உழவு இயந்திரத்தின் பெட்டி, அறுவடைக் காலத்தில் உடையும் இயந்திரப் பாகங்கள், ஆலைகளின் நெல் தொட்டி, முச்சக்கர வண்டியின் சட்டம், படகின் எஞ்சின் தாங்கி என்று வயலும் கடலும் இரண்டுமே இந்தக் கடைகளை நம்பி இருக்கின்றன.

ஆகவே, இந்தப் பகுதியில் வெல்டிங் தெரிந்தவர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பதினைந்து வருடம் கடையில் நின்ற ஒருவரிடம் அதை நிரூபிக்கும் ஒரு சான்றிதழைக் கேட்டால் காட்ட எதுவும் இருக்காது என்பதுதான் குறை. இன்னொரு குறையும் உண்டு. அவர் கை செய்வதை ஏன் அப்படிச் செய்கிறது என்று அவருக்கே யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கும் வழி நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கடையையும் பயிற்சி நிலையத்தையும் இணைக்கும் வேலைதான் நடக்காமல் கிடக்கிறது.

கடையில் கற்கும் கல்வி

கடையில் சேரும் பொடியனுக்கு முதல் மாதங்களில் ரொட் பிடிக்கக் கிடைக்காது. பைப்பின் மறுமுனையைப் பிடிப்பான். ஒட்டின் மேல் படியும் கசடைச் சுத்தியலால் தட்டுவான், கம்பித் தூரிகை போடுவான், துருத் தடுப்புப் பூச்சு அடிப்பான். பிறகொரு நாள் காக்கா கைப்பிடியைக் கொடுத்து ஒரு புள்ளி போடச் சொல்வார். ரொட் இரும்பில் ஒட்டிக்கொள்ளும், உதறி எடுப்பான், மறுபடி ஒட்டிக்கொள்ளும். அப்படியே பழகிவிடுவான்.

இந்தக் கல்வியை நான் குறைத்துப் பேசமாட்டேன். வாடிக்கையாளர் கேட்ட நாளில் கேட் போய்ச் சேர வேண்டும் என்ற நெருக்கடி எந்த வகுப்பறையிலும் கிடைக்காது. மீதமான துண்டுகளை வீணாக்காமல் அடுத்த வேலைக்கு எடுத்துவைப்பது, கோணலான சுவருக்கு நேரான கேட்டைப் பொருத்துவது, இதெல்லாம் கடையின் வரவு. சுடரின் சத்தத்தை வைத்தே கரண்ட் சரியா தவறா என்று அறிகிற காதும் கடையில்தான் உருவாகிறது. எண்ணெயில் பொரிவது போல ஒரே சீராகக் கேட்டால் ஒட்டு நன்றாக ஓடுகிறது என்று பொருள்.

ஆனால் கடை சொல்லாமல் விடுபவை பல. மின்சுடரின் வெப்பம் 6,000 பாகை செல்சியஸ் அளவுக்குப் போகிறது. இரும்பு உருக 1,538 பாகை போதும். அந்தச் சிறிய உருகிய குட்டைக்குள் காற்று புகுந்தால் ஒட்டில் துளைகள் விழும். ரொட்டின் மேற்பூச்சு எரிந்து வாயுவாகவும் கசடாகவும் மாறி அந்தக் குட்டையை மூடிக் காக்கிறது. பூச்சு ஈரமாகிவிட்டால் அந்தக் காவல் பலவீனப்படும். கடற்காற்று வீசும் ஊரில் ரொட் பெட்டியைத் திறந்து போட்டு வைக்கக் கூடாது என்பது இதனால்தான். வழக்கமான கேட் வேலைக்குப் போகும் 6013 ரொட் ஓரளவு ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். பாரமான கட்டமைப்புகளுக்குப் போடும் 7018 பொறுக்காது. அதன் பூச்சில் ஈரம் இருந்தால் ஐதரசன் இரும்புக்குள் புகுந்து, ஒட்டு ஆறிய பிறகு, சிலவேளை அடுத்த நாள்கூட, உள்ளே வெடிப்பை உண்டாக்கும். அதனால்தான் பெரிய தொழிற்சாலைகளில் அந்த ரொட்டைச் சூளையில் உலர்த்தி, சூடாகவே எடுத்துப் பாவிக்கிறார்கள். ரொட்டின் மேலுள்ள இலக்கம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவன் மட்டுமே இந்த வேறுபாட்டைக் கவனிப்பான்.

உப்புக் காற்றுக்கு ஏற்ற வேலை

கடலிலிருந்து சில நூறு மீற்றருக்குள் வீடு உள்ளவர்கள் தங்கள் கேட்டை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். துரு பெரும்பாலும் முதலில் தொடங்கியிருப்பது ஒட்டு விழுந்த இடத்தில்தான். ஜி.ஐ. பைப்பின் மேல் இருப்பது நாகப் பூச்சு. நாகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றிப் பாதுகாப்பு எரிந்துபோய் வெறும் இரும்பு நிற்கிறது. அதன் மேல் சாதாரணப் பெயின்ட் ஒரு கை அடித்து அனுப்பினால் உப்புக் காற்றுக்கு அது வாசல். ஒட்டைச் சுத்தம் செய்து நாகம் செறிந்த பூச்சை அந்த இடத்துக்கு மட்டுமாவது அடித்தால் கேட்டின் ஆயுள் பல வருடம் கூடும். செலவு கொஞ்சம், பலன் பெரிது. இப்படிச் செய்யும் கடையைத் தேடிக் கேட்டு வேலை கொடுங்கள் என்று வீட்டுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

படிக்கட்டுக் கைபிடிக்கும் பல்கனிக்கும் இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் மவுசு. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சாமான் என்று வாங்குகிறார்கள். இது சரியான சோதனை அல்ல. மலிவான 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304இலும் ஒட்டாது, கடற்கரைக்கு ஏற்ற 316இலும் ஒட்டாது. 316இல் மொலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 வீதம் கலந்திருக்கிறது, உப்பின் அரிப்பைத் தாங்குவது அதனால்தான். அதோடு, இரும்பு வெட்டிய அதே கிரைண்டர் டிஸ்க்கால் ஸ்டெயின்லெஸ் பைப்பைத் தேய்த்தால் இரும்புத் துகள் அதில் பதிந்து, சில மாதங்களில் துருப்புள்ளி கிளம்பும். வாடிக்கையாளர் சாமானைக் குறை சொல்வார், தவறு டிஸ்க்கில் இருந்திருக்கும்.

வெட்டும் வேலையிலும் இப்படித்தான். ஒக்சிஜன் கேஸ் சுடரால் தடித்த இரும்பை வெட்டும்போது இரும்பு உருகி வழிவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரும்பு எரிகிறது. சுடரால் அதைச் சுமார் 900 பாகைக்குச் சூடாக்கிவிட்டுத் தூய ஒக்சிஜனைப் பீய்ச்சினால் இரும்பு அந்த ஒக்சிஜனில் எரிந்து, எரிந்த கழிவு கீழே பறக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸை இப்படி வெட்ட முடியாததற்குக் காரணமும் இதுவே. அதிலுள்ள குரோமியம் உருகாத ஒரு படலமாக மேலே படிந்து ஒக்சிஜனை உள்ளே விடாது. அதற்கு பிளாஸ்மா வெட்டுக் கருவி வேண்டும். காரணம் தெரிந்தவன் எந்தச் சாமானுக்கு எந்தக் கருவி என்று தானே முடிவெடுப்பான். தெரியாதவன் கேஸையும் நேரத்தையும் வீணாக்குவான்.

கண்ணும் நுரையீரலும்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தப் பகுதிதான்.

முகமூடி இல்லாமல், கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டோ கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகவோ புள்ளி போடும் பழக்கம் நம் கடைகளில் பரவலாக இருக்கிறது. சுடரிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்படலத்தைச் சுட்டுவிடும். அப்போது எதுவும் தெரியாது. ஆறு, ஏழு மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்தில், கண்ணுக்குள் மண் கொட்டியது போல எரியும். தண்ணீர் வடியும், வெளிச்சம் பார்க்க முடியாது. உருளைக்கிழங்கு வெட்டி வைப்பதும் தாய்ப்பால் விடுவதும் கைவைத்தியம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே ஆறிவிடுவதால், கைவைத்தியத்துக்குப் பெயர் கிடைக்கிறது. அடுத்த வாரமும் அதே கறுப்புக் கண்ணாடி. சாதாரண ரொட் வேலைக்குக் குறைந்தது 10ஆம் இலக்க வடிகட்டிக் கண்ணாடி பொருத்திய முழு முகமூடி வேண்டும். பக்கத்தில் பைப் பிடித்து நிற்கும் பொடியனுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். அவனைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

ஜி.ஐ. பைப் ஒட்டிய அன்று இரவு காய்ச்சலும் நடுக்கமும் வருவதைக் கடைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். நாகப் புகையால் வரும் காய்ச்சல் அது. பால் குடித்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகையோ நுரையீரலுக்குப் போகிறது. மூடிய அறைக்குள் ஒட்டாமல் காற்றோட்டமான இடத்தில் ஒட்டுவதும், ஒட்டும் இடத்தில் நாகத்தை முதலில் தேய்த்து எடுப்பதும், தகுந்த முகக்கவசம் அணிவதும்தான் பாதுகாப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. புகையிலைப் புகை இருக்கும் அதே தொகுதி. பிள்ளையை இந்தத் தொழிலுக்கு அனுப்பாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாதுகாப்போடு கற்பிக்கும் இடத்துக்கு அனுப்புங்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வது இன்னொரு ஆபத்து. நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுழல்கிறது. காப்பு இல்லாத வேளையில் டிஸ்க் உடைந்தால் துண்டு பாயும் திசையில் முகமோ கழுத்தோ இருக்கும். எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது பழைய பெரலை வெட்டுவது. டீசலோ பெற்றோலோ இருந்த பெரல் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி நிறைந்திருக்கும். ஒரு பொறி போதும். படகுகளின் எரிபொருள் தொட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முறையான பயிற்சி நிலையத்தில் இவை முதல் வாரப் பாடங்கள். அசெட்டிலின் சிலிண்டரை ஏன் படுக்கவைக்கக் கூடாது, ஒக்சிஜன் வால்வில் ஏன் எண்ணெய்க் கை படக் கூடாது, சுடர் குழாய்க்குள் பின்வாங்கினால் தடுக்கும் கருவி ஏன் கட்டாயம் என்பதெல்லாம் அங்கே ரொட் பிடிப்பதற்கு முன்பே சொல்லப்பட வேண்டியவை.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் இன்றும் நடைமுறையில் உள்ளவை. வேலையில் காயம்பட்டவருக்கு நட்டஈடு கேட்கும் உரிமை உண்டு. நம் கடைகளில் பெரும்பாலான பொடியன்மாருக்கு இது தெரியாது. வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. பாடசாலையை இடையில் விட்ட 14 வயதுப் பிள்ளையைக் கடையில் நிறுத்துவது இப்போது சட்டப்படி குற்றம்.

வாசல்கள் எங்கே?

தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையம் நிந்தவூரில் இருக்கிறது. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் தொழில்நுட்பக் கல்லூரிகள் உள்ளன. அம்பாறை நகரின் ஹார்டி நிறுவகம் கல்ஓயா அபிவிருத்திக் காலத்திலிருந்து தொழில்நுட்பக் கல்விக்குப் பெயர்பெற்றது. பயிலுநர் முறையில் தொழிலிடத்திலேயே பயிற்சி பெற விரும்புவோருக்கு நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை இருக்கிறது. தூரம் போகத் தயாரானவர்களுக்கு, 1959இல் தொடங்கிய மொரட்டுவை இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகமும், 2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல் என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற் தகைமை. ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கு சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைக்கும் இந்த ஏணியின் உச்சி வரை ஏற வழி திறந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. வெல்டிங் என்றால் கடையோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் கடல் கடந்த திருச்சிராப்பள்ளியில், கொதிகலன் செய்யும் பெல் நிறுவனம் 1975இல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியது. கொதிகலன் குழாயின் ஒரு ஒட்டுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய அறிவியல் இருக்கிறது.

அந்த அறிவியல் நமக்கு அந்நியமானதல்ல. நம் நெல் ஆலைகளில் உமியை எரித்து நீராவி எடுத்து நெல்லை அவிக்கும் கொதிகலன்கள் இருக்கின்றன. அழுத்தம் தாங்கும் பாத்திரத்தில் கசிவு வந்தால் கேட் ஒட்டுகிற கையை அழைத்து மூடுவது எவ்வளவு ஆபத்து என்பதை ஆலைக்காரர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சியும் தனிச் சோதனையும் உள்ளவர் வேண்டும். அப்படி ஒருவர் நம் ஊரிலேயே இருந்தால் எத்தனை ஆலைகளுக்கு உதவியாக இருக்கும்? 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்துக்கொண்டிருப்பது நீண்ட கதை. அந்தத் துறைமுகம் ஒழுங்காக இயங்கி, அதனோடு படகு திருத்தும் களமொன்றும் வளர்ந்தால், ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் ஒட்டத் தெரிந்த இளைஞர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே வேலை.

காகிதத்தின் விலை

2022இன் பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் இல்லாத வெல்டிங் கடைக்கு என்ன வேலை? இரும்பின் விலையும் ஏறியது, வீடு கட்டுவோர் பாதியில் நிறுத்தினார்கள். அந்த ஒரு வருடத்தில் நாட்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். நம் கரையிலிருந்தும் கட்டாருக்கும் சவூதிக்கும் டுபாய்க்கும் போனார்கள்.

அங்கேதான் காகிதத்தின் விலை தெரிகிறது. பல வருட அனுபவத்தோடு போனவரும் சான்றிதழ் இல்லாவிட்டால் சாதாரணக் கூலியாளாகவோ உதவியாளராகவோ பதியப்படுகிறார். எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் கேட்பது 6ஜி சோதனை. 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிவந்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு அந்த ஒட்டை எக்ஸ்ரே எடுத்தோ வெட்டி வளைத்தோ சோதிப்பார்கள். வெளியே அழகாக இருந்து உள்ளே துளையோ கசடோ இருந்தால் தோல்வி. கேட் மட்டுமே ஒட்டிய கைக்கு இதில் தேறுவது கடினம். முறையாகப் படித்து, தட்டையிலிருந்து தொடங்கி, நிலைக்குத்து, தலைக்கு மேல் என்று ஒவ்வொரு நிலையாகப் பழகிய கைக்குச் சில மாதக் கூடுதல் பயிற்சியில் அது வசப்படும். கூலியாளுக்கும் 6ஜி தேறியவருக்கும் சம்பளத்தில் உள்ள தூரம், ஒரு குடும்பம் கடனை அடைப்பதற்கும் வீடு கட்டுவதற்கும் உள்ள தூரம்.

ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற வழி அவர்களுக்காகவே இருக்கிறது. செய்த வேலைகளின் ஆதாரங்களைச் சேர்த்து விண்ணப்பித்தால் மதிப்பீட்டாளர் செய்முறையைப் பார்த்து, தகுதிக்கேற்ற மட்டத்தில் என்.வி.கியூ சான்றிதழுக்குப் பரிந்துரைப்பார். எழுத்து வேலைக்கும் கேள்விகளுக்கும் பயந்துதான் பலர் ஒதுங்குகிறார்கள். இங்கே ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த மதிப்பீடுகள் நம் ஊர்களுக்கே வந்து, முழுக்கத் தமிழில் நடக்க வேண்டும். பாதுகாப்புப் பாடங்களும் வரைபடம் வாசிக்கும் பாடமும் நம்முடைய கடை மொழியில் சிறு நூல்களாக அச்சாக வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே இருக்கிறது, பொறியியல் பீடமும் இருக்கிறது. அதன் மாணவர்கள் ஒரு விடுமுறைக் காலத்தை இதற்கு ஒதுக்கினால் பெரிய உதவி.

பள்ளிவாசல் நிருவாகங்களும் வெளிநாட்டில் உள்ள நம் ஊர்ச் சங்கங்களும் கொடுக்கும் உதவித் தொகைகள் பெரும்பாலும் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கே போகின்றன. தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளையின் பஸ் காசுக்கும், ஒரு தரமான முகமூடிக்கும், தோல் கையுறைக்கும், பாதுகாப்புச் சப்பாத்துக்கும் கொடுங்கள். அந்தத் தொகை சிறியது, அது காக்கும் கண் விலைமதிப்பற்றது.

கடை முதலாளிமாரே, உங்களிடம் நிற்கும் பொடியனை வாரத்தில் சில நாளாவது நிலையத்துக்கு அனுப்புங்கள், நீங்களும் முன்கற்றல் வழியில் சான்றிதழ் எடுங்கள். வாப்பாமாரே, உம்மாமாரே, சாதாரண தர முடிவு வந்த வாரத்திலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நிந்தவூருக்கோ சம்மாந்துறைக்கோ அக்கரைப்பற்றுக்கோ நேரில் போங்கள். அடுத்த வெல்டிங் பாடநெறி எப்போது தொடங்குகிறது, தமிழ்மொழியில் நடக்கிறதா, எந்த மட்டத்து என்.வி.கியூ கிடைக்கும், தொழிலிடப் பயிற்சி எங்கே என்ற நான்கு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.